ஈஸ்ட் டாமாக்கியில் கார் மெக்கானிக் ஆக

ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கி தொழிற்பகுதியில் வாகனப் பழுது ஒர்க்‌ஷாப்புகளுக்குக் குறைவில்லை. அடுத்த ஊரான ஓட்டாராவில் மனுகாவ் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கல்லூரியில் அடிப்படை படித்துவிட்டு வேலை தேடலாம். அல்லது ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே பயிலலாம். வேலையோடு படிப்பதே மேல். கை பழகுவது அங்கேதான். அப்ரண்டிஸ் பயிற்சிக்கு 'மைட்டோ' என்ற தொழிற்பயிற்சி அமைப்பை அணுக வேண்டும். கார், வேன் பழுதுபார்ப்போருக்கு இலக்கு, இலகுரக வாகனப் பொறியியல் 4ஆம் நிலைச் சான்றிதழ்.

சேருமுன்பே ஓட்டுநர் உரிமம் எடுத்துவிடுவது நல்லது. பிரேக் மாற்றிய வண்டியை ஓட்டிப் பார்த்தால்தான் வேலை முடியும்.

முதல் மாதங்கள் ஆயில், பிரேக் பேட், டயர் என்றே போகும். அவற்றை அலட்சியமாகக் கற்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு கொடுத்த பிறகே இறங்க வேண்டும். சக்கர நட்டுகளை வரிசையாக இறுக்காமல், எதிரெதிராக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சால் உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு முடிக்க வேண்டும். டயர் பள்ளத்தின் ஆழம் 1.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வாகனத் தகுதிச் சோதனையில் வண்டி தேறாது.

நியூசிலாந்தில் ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹைபிரிட் கார்கள் ஏராளம். அவற்றின் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் உயர் மின்னழுத்தம் இருக்கும். தனிப்பயிற்சி பெறாதவர் தொடக் கூடாது. மின்வாகனங்களுக்கென்றே 5ஆம் நிலைச் சான்றிதழும் உண்டு.