சின்ன சார்ஜர், பெரிய வேலை

மைசூருக்குக் கிழக்கே காவிரிக் கரையில் சிவனசமுத்திரம் இருக்கிறது. 1902-ஆம் ஆண்டு அங்கே ஆற்று நீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அது கோலார் தங்க வயலுக்குப் போனது. சுரங்கத்தின் பெரிய இயந்திரங்களை ஓட்டியது.

இன்று கையளவு செல்போனுக்கும் மின்சாரம் வேண்டும். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். சாதாரண செல்போன் சார்ஜர் தருவது 5 வோல்ட். எப்படிக் குறைக்கிறது?

தண்ணீர்க் குழாயைத் திறந்து உடனே மூடுங்கள். கொஞ்சம் தண்ணீர்தான் வரும். விட்டு விட்டுத் திறந்தால் வேண்டிய அளவு பிடிக்கலாம். சார்ஜருக்குள்ளும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது ஒரு நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. உள்ளே உள்ள கம்பிச் சுருள்கள் வோல்ட்டைக் குறைக்கின்றன. சுவிட்ச் வேகமாக வேலை செய்வதால் சின்னச் சுருளே போதும். அதனால்தான் சார்ஜர் கனமாக இல்லை.

டி.வி., கம்ப்யூட்டர், பல எல்.இ.டி. பல்புகள் ஆகியவற்றிலும் இதே முறைதான்.

ஒரு சுருளில் வீட்டு மின்சாரம் ஓடும். மற்றதில் போனுக்கான மின்சாரம் ஓடும். இரண்டுக்கும் நடுவே நல்ல காப்பு வேண்டும். மட்டமான சார்ஜரில் காப்பு கெட்டால் 230 வோல்ட் போன் வரை வந்துவிடும். உயிரே போகலாம்.

கவனம்!

* ஈரக் கையால் சார்ஜரைத் தொடாதீர்கள்.
* சார்ஜரைப் பிரிக்காதீர்கள். கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.
* பி.ஐ.எஸ். முத்திரை உள்ள சார்ஜரையே வாங்குங்கள்.

சார்ஜரின் மேல் வோல்ட் அளவும் அச்சாகியிருக்கும். கடையிலேயே படித்துப் பாருங்கள். உங்களுக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே!