குமரிக்குக் கிளம்பும் முன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

முழுப் பரீட்சை முடிந்த கையோடு பல வீடுகளில் எழும் பேச்சு, "இந்த லீவுக்கு எங்கே போகலாம்?" என்பதுதான். மலை வேண்டாம், கடல் பார்க்கலாம் என்று முடிவானால் அநேகமாகக் கன்னியாகுமரி. அதன் பிறகு திட்டம் போடுவதெல்லாம் செவிவழிச் செய்தியை வைத்துத்தான். போய்வந்த பெரியப்பா சொன்னது, அலுவலகத்தில் கேட்டது, கைப்பேசியில் வந்தது. அவற்றில் சில சரி. சில, பயணத்தின் சுவையைக் குறைப்பவை. ஒன்று மட்டும் உயிருக்கே ஆபத்தானது. அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

"வானம் தெளிவாக இருக்கிறது, காற்றும் இல்லை. கடல் இன்று சாதுவாகத்தான் இருக்கும்." கோடையில் குமரிக் கரைக்கு வரும் குடும்பங்கள் பலமுறை சொல்லிக்கொள்ளும் வார்த்தை இது. ஆனால், இந்தக் கரையில் எழும் அலைக்கும் இங்குள்ள வானிலைக்கும் தொடர்பு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வீசும் புயற்காற்று எழுப்பும் நீண்ட அலைகள், சில நாட்கள் பயணம் செய்து கேரளக் கரையையும் குமரிக் கரையையும் வந்து தொடும். ஆழ்கடலில் படகில் இருப்பவருக்கே அவை பெரிதாகத் தெரியாது. கரைக்கு அருகே ஆழம் குறையும்போதுதான் உயர்ந்து, வழக்கமான எல்லையைத் தாண்டி ஏறும். மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். பள்ளி விடுமுறையும் அப்போதுதான்.

2024 மே 6 அன்று, கணபதிபுரம் அருகேயுள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாள் அது. படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த பிள்ளைகள். அந்தச் செய்தியைப் படித்த எவருக்கும், எச்சரிக்கைப் பலகையை வெறும் அலங்காரமாக எண்ணிக் கடந்துபோக மனம் வராது.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனப்படும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளை முன்கூட்டியே கணித்து அறிவிக்கிறது. மாவட்ட நிர்வாகமும் அதைச் செய்தியாக வெளியிடுகிறது. உணவகத்தின் தரத்தைத் தேடிப் பார்ப்பவர்கள், கடலுக்குப் போகும் நாளில் இந்த அறிவிப்பையும் தேடிப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை உள்ள நாளில் 'கால் மட்டும் நனைக்கிறோம்' என்பதும் கூடாது. அலை ஏறி வரும்போது முழங்கால் நீர் நொடிப்பொழுதில் இடுப்புக்கு வந்துவிடும். பின்வாங்கும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறான எண்ணம், அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடமே குளிக்க ஏற்றது என்பது. பல நேரங்களில் நேர்மாறு. இருபுறமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் நீர் சலனமற்றுத் தெரிந்தால், கரையில் ஏறிய தண்ணீர் அந்த வழியாகக் கடலுக்குத் திரும்பி ஓடிக்கொண்டிருக்கலாம். அதில் மாட்டியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தை விட்டு வெளியேறிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்பதே நல்லது.

அடுத்தது சூரியன். குமரிமுனையில் நின்றால் ஆண்டு முழுக்கக் கடலிலிருந்தே உதயம், கடலுக்குள்ளேயே அஸ்தமனம் என்பது பலரின் எண்ணம். பாதிதான் உண்மை. கிழக்குக் கரை வடகிழக்காக வளைந்து செல்வதால் உதயத்துக்குப் பழுதில்லை; மேகம் மறைக்காவிட்டால் எல்லா மாதமும் கடல்மேல் உதயம்தான். மே மாதத்தில் காலை 6 மணியை ஒட்டி, ஜனவரிக் கடைசியில் 6.40-ஐ ஒட்டி. அஸ்தமனம் அப்படியல்ல. டிசம்பரில் சூரியன் நேர்மேற்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே தள்ளி மறைகிறது. ஜூனில் அதே அளவு வடக்கே. முனையிலிருந்து மேற்குக் கரை நேர்மேற்குக்குச் சற்று வடக்காகச் செல்கிறது. ஆகவே மே, ஜூன், ஜூலையில் முக்கூடல் கரையில் நிற்பவருக்குச் சூரியன் நிலத்துக்குப் பின்னால்தான் இறங்கும். கடலில் விழும் சூரியனைக் காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்து அழைத்து வந்தவர்கள் ஏமாந்து நிற்பது இதனால்தான்.

கோடையில் போகிறவர்களுக்கு வழி இருக்கிறது: முட்டம். பாரதிராஜாவின் படங்களில் பார்த்த அதே முட்டம். அங்கிருந்து கரை வடமேற்காகத் திரும்பிக் குளச்சல் பக்கம் போகிறது. அதனால் ஜூன் மாதத்திலும் மேற்கே கடல் திறந்து கிடக்கிறது. கலங்கரை விளக்கத்தருகே பாறைகளின் மேட்டில், அலை எட்டாத தொலைவில் உட்கார்ந்து பார்க்கலாம்.

சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் ஒரே நேரத்தில் சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் குமரியில் பார்க்க முடியும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த ஒரு நாளுக்காகவே கூட்டம் முண்டியடிக்கிறது. பௌர்ணமி என்றாலே நிலவு சூரியனுக்கு நேர் எதிரே இருக்கிறது என்றுதான் பொருள். எனவே எந்தப் பௌர்ணமியிலும் சூரியன் மறையும் வேளையை ஒட்டியே நிலவு எழும். சில நிமிடங்கள் முன்பின் ஆகலாம். இரண்டும் கடல்மேலேயே நிகழ வேண்டும் என்றால் சித்திரையைவிடத் தை, மாசிப் பௌர்ணமிகளே பொருத்தம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் காலமும் அதுவே.

மழையைப் பற்றியும் ஒரு திருத்தம். தமிழ்நாட்டுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை, ஜூன் மாதம் கவலையில்லை என்ற கணக்கு இங்கே செல்லாது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன், ஜூலையில் திற்பரப்பு அருவியில் நீர் கொட்டும். அதே நாட்களில் காற்றும் அலையும் மிகுந்து விவேகானந்தர் பாறைக்கான படகு நிற்கவும் கூடும். புயல் சென்னைக்கும் நாகைக்கும்தான் என்று நினைப்பவர்கள், 2017 நவம்பர் 30 அன்று குமரியை ஒட்டிக் கடந்த ஒக்கிப் புயலை நினைத்துக்கொள்ள வேண்டும். கடலுக்குப் போன மீனவர்கள் பலர் அன்று திரும்பவே இல்லை.

மீன் பிரியர்களின் கவலை வேறு. "ஏப்ரல் பாதிக்கு மேல் மீன்பிடித் தடைக்காலம். குமரிக்குப் போயும் நல்ல மீன் கிடைக்காது." தடைக்காலம் உண்மைதான். ஆனால், இரு கடல்களைத் தொடும் இந்த மாவட்டத்தில் தடையும் இரண்டு. கிழக்குக் கரையைச் சேர்ந்த சின்னமுட்டம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்குக் கரைக் குளச்சலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் முழுக்கக் குளச்சல் படகுகள் கடலுக்குப் போகும். வள்ளங்களுக்கும் கட்டுமரங்களுக்கும் இந்தத் தடையே இல்லை. சாளையோ நெய்மீனோ, அன்று கரைக்கு வந்ததைக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். (சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பதுதான் இங்கே நெய்மீன்.) சாப்பாட்டுக்குப் பின் மட்டிப் பழம் ஒன்று, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மண்ணின் பழம்.

கரையில் பொட்டலம் கட்டி விற்கும் வண்ண மணலைப் பார்த்ததும் பாட்டிமார் அந்தக் கதையைத் தொடங்குவார்கள். சுசீந்திரம் இறைவனுடன் குமரி அம்மனுக்கு நடக்க இருந்த திருமணம் நின்றுபோனது. விருந்துக்கு வைத்த அரிசியெல்லாம் மணலாயிற்று. கதையைப் பிள்ளைகள் அவசியம் கேட்கட்டும். கூடவே மணலையும் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கட்டும். கருமணல் ஒரு கையிலும் சாதாரண வெள்ளை மணல் அதே அளவு இன்னொரு கையிலும் இருந்தால், கருமணல் கனப்பது தெரியும். கருமை இல்மனைட் தாதுவால், செம்மை கார்னெட்டால். குவார்ட்ஸைவிட அடர்த்தி கூடிய இந்தத் தாதுக்கள், அலை இலேசான மணலை அரித்துக்கொண்டு போனபின் கரையில் பட்டைபட்டையாகத் தங்கிவிடுகின்றன. இதே மணலிலிருந்துதான் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனம் தாது பிரிக்கிறது.

இந்தியாவின் தென்கோடி இதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதாயிருந்தால், 'நிலப்பரப்பின்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாட்டின் தென்கோடி பெரிய நிக்கோபார் தீவிலுள்ள இந்திரா முனை.

கடைசியாக, "ஒரு நாள் போதும், காலையில் உதயம், மாலையில் கிளம்பிவிடலாம்" என்ற அவசரத் திட்டம். படகுத்துறையில் வரிசையில் நிற்பதற்கே விடுமுறை நாளில் நேரம் போதாது. 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம், பாறை நினைவு மண்டபத்தையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் இணைத்துவிட்டது. ஆனால், கரையிலிருந்து பாறைக்கு இன்னும் படகுதான். கடல் சீறினால் படகு இல்லை. எனவே படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் முதல் நாள் காலையிலேயே முடிப்பது புத்திசாலித்தனம். மிச்ச நேரத்துக்கு வட்டக்கோட்டை, சுசீந்திரம், மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாம் இருக்கின்றன. குறைந்தது இரண்டு இரவுகளாவது வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனையை விட்டுவிடாதீர்கள். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. மரவேலைப்பாட்டுக்காக மட்டுமே அரை நாள் ஒதுக்கலாம். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. ரயில் டிக்கெட் எடுக்கும்போதே கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.