துணியில் முடிந்த மொட்டு, முள் நீக்கிய காய்

சிங்கப்பூர் சைனாடவுனில் ஒரு சீன மருந்துக்கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். மூக்கடைப்புக்கு எழுதித் தந்த சீட்டைப் படித்துவிட்டு, கடைக்காரப் பெரியவர் காகிதத்தில் சாம்பல் நிற மொட்டுகளைக் கொட்டினார். ஒவ்வொரு மொட்டின் மேலும் பூனைக் காதில் இருப்பதுபோல் மெல்லிய மயிர். மக்னோலியா மரத்தின் விரியாத பூ அது. 'சின் யீ' என்பார்கள். அதை மட்டும் தனியே ஒரு துணியில் போட்டு முடிந்து வைத்தார். அப்படியே கொதிக்கவிட்டால் மயிர் கஷாயத்தில் கலந்து தொண்டையை அறுக்குமாம். சைனஸுக்குச் சீன வைத்தியம் தேடிப் போகிற எல்லோருக்கும் அந்தப் பெரியவரின் கவனம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நம்பிக்கை: மூலிகைதானே, கெடுதல் செய்யாது.

அதே பொட்டலத்தில் இன்னொரு சரக்கும் இருந்தது: 'சாங் எர்' காய். முள் நீக்கி, பழுப்பேற வறுத்தது. மக்னோலியா மொட்டு, புதினா வகை, 'பாய் ஜி' வேர் ஆகியவற்றோடு இந்தக் காயைச் சேர்க்கும் மருந்து 13ஆம் நூற்றாண்டிலிருந்தே மூக்கு நோய்க்குப் புழக்கத்தில் இருக்கிறது. இந்தச் செடி நமக்கும் தெரிந்ததுதான். குளத்தங்கரையில், தரிசில், சாலையோரத்தில் வளர்ந்து வேட்டியிலும் புடவையிலும் காயை ஒட்டிவிடுகிற மருளூமத்தை.

சீன அரசின் மருந்து நூலே இதை நச்சுச் சரக்கு என்று குறித்து, ஒரு நாளைக்கு 3 முதல் 10 கிராம் வரை என்று அளவு கட்டுகிறது. விதையிலும் இளங்கன்றிலும் உள்ள கார்பாக்ஸிஅட்ராக்டிலோசைடு என்ற பொருள், உயிரணுவுக்குள் ஆற்றல் போய்வரும் வழியை அடைத்து ஈரலைக் கெடுக்கும். 2007இல் வடகிழக்கு வங்கதேசத்தில், வெள்ளத்துக்குப் பின் உணவில்லாமல் இதன் இளங்கன்றைக் கீரையாக ஆக்கித் தின்றவர்களில் 76 பேர் நோயில் விழுந்தார்கள். 19 பேர் இறந்தார்கள். வறுத்தால் நச்சு குறையும், முழுக்கப் போகாது. ஆகவே வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு வேலியோரத்துக் காயைப் பறித்துக் கஷாயம் வைக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும், ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்தச் சரக்கே வேண்டாம். சிங்கப்பூரில் சீன வைத்தியர்கள் வாரியத்தில் பதிவு செய்தால்தான் தொழில் நடத்த முடியும். சீட்டு எழுதுபவர் பதிவு பெற்றவர்தானா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நம்பிக்கை: சீன வைத்தியம் வெறும் ஊகம்.

இதுவும் சரியில்லை. பழைய சீன மருத்துவ நூல்கள் சைனஸ் தொல்லையை 'பி யுவான்' என்றன. மூக்கின் மடு என்று பொருள். கலங்கிய நீர் ஊற்றெடுப்பதுபோல் ஓயாமல் ஒழுகும் என்ற வர்ணனை அவ்வளவு துல்லியம். காரணம் சொன்ன இடத்தில்தான் பிசகியது: பித்தப்பையின் வெப்பம் மூளைக்கு ஏறுகிறது என்றார்கள். சளி மூளையிலிருந்து வடிகிறது என்று ஐரோப்பியரும் வெகுகாலம் நம்பினார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஷ்னைடர்தான் அதை மறுத்தார்.

சீனர்கள் மூச்சுக் கோளாறுக்குத் தந்த 'மா ஹுவாங்' தண்டிலிருந்து 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் எஃபெட்ரினைப் பிரித்தெடுத்தார். மூக்குக்குள் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி வழிவிடச் செய்வது அதுதான். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுவதும் அதுவே. அந்தச் செடி கலந்த சத்து மாத்திரைகளை அமெரிக்கா 2004இல் தடை செய்தது.

நம்பிக்கை: சளி பச்சையானால் ஆன்டிபயாட்டிக் வேண்டும்.

மஞ்சள் சளியை வெப்பம், தெளிந்த சளியைக் குளிர்ச்சி என்று சீன வைத்தியர் பிரிப்பார். நம் வீடுகளில் அதையே கிருமி என்று படிக்கிறோம். அந்தப் பச்சை, வெள்ளணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம். வந்தது வைரஸா பாக்டீரியாவா என்பதை அது சொல்லாது. திடீரென வரும் சைனஸ் தொல்லை பெரும்பாலும் வைரஸால் வந்து பத்து நாளுக்குள் தானே தணியும். கன்னத்துச் சைனஸின் வாசல் அறையின் மேற்பக்கம் இருப்பதால் சளி ஏறித்தான் வெளியே வரவேண்டும், அது வடியத் தாமதமாவது அதனால்தான்.

நம்பிக்கை: ஊசி குத்தினால் சைனஸ் வேரோடு போகும்.

அக்குபங்சரில் ஊசி குத்தும் இடங்களில், மூக்கோரம் 'யிங் சியாங்' என்றொரு புள்ளி. 'நறுமணத்தை வரவேற்பது' என்ற அழகான பெயர். ஒவ்வாமை மூக்கொழுகலுக்கு ஜெர்மனியில் 422 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், அக்குபங்சர் ஓரளவு ஆறுதல் தந்தது. 16 வாரத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. 12 வாரம் தாண்டிய நாள்பட்ட சைனசைடிஸுக்கு ஆதாரம் இன்னும் மெலிவு. அதற்கு முதல் மருந்து உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும். கழுவும் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றியே ஊற்ற வேண்டும். குழாய் நீரில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போய் உயிரைக் குடித்திருக்கிறது.

கண்ணைச் சுற்றி வீக்கம், பொருள் இரண்டாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, காய்ச்சலோடு தாங்க முடியாத தலைவலி: இவற்றில் ஒன்று வந்தாலும் கஷாயத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.