பிள்ளையை யாரிடம் விடுவது?

ஊரை விட்டு வெளிமாநிலத்தில் குடியேறிய நமக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. வேலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுச் செல்லப் பாட்டி பக்கத்தில் இல்லை. "சார், பிள்ளையை யாரை நம்பி விடுவது?" என்று நம் சங்கத்து இளம் தம்பதிகள் பலர் என்னிடம் கேட்டதுண்டு. நான் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். குழந்தை வளர்ப்பில் நிபுணன் அல்லன். எனினும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம். ஏலக்காய் பூமி. கம்பம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் பெண்கள் மலையேறி வந்து வேலை பார்த்து மாலையில் இறங்குவார்கள். என் தாயாரும் தோட்டத்தில் காய் எடுத்தவர். எனக்கு எட்டு வயதானபோது, தவழும் தங்கையை என் பொறுப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். ஒரு நாள் நான் கோலி விளையாடப் போன நேரத்தில் அவள் அடுப்புத் தணலில் கை வைத்துவிட்டாள். அவள் வலக்கையில் இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக நீளா. அம்மா என்னை அடிக்கவில்லை. "உன்னைச் சொல்லிக் குற்றமில்லைடா" என்றார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அதே தங்கை இன்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நால்வரைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறாள். சென்ற முறை போனபோது, "எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வை" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம பிள்ளைகளப் பார்க்க ரிஜிஸ்டர் எதுக்குண்ணே? என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றாள்.

நியாயமான கேள்விதான். அதற்கு என் வேலையிலிருந்தே பதில் சொன்னேன். ரயில் புறப்படுமுன் பிரேக்கைச் சோதித்துச் சான்றிதழ் எழுதிக் கையெழுத்திடுவார்கள். முப்பது வருட அனுபவமுள்ள டிரைவர்கூட, "என்னைச் சந்தேகிக்கிறீர்களா?" என்று கேட்பதில்லை. நல்லவர்களுக்கும் கண் தவறும். தவறு நேருமுன் இன்னொருவர் பார்க்க வேண்டும். பதிவின் பயன் அதுதான்.

இங்கிலாந்தில் வீட்டில் பிள்ளை பார்ப்போரைப் பதிவு செய்ய 1948இலேயே சட்டம் வந்தது. 2001 முதல் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பு இதைக் கவனிக்கிறது. அந்த வீட்டிலுள்ள பெரியவர்களின் பின்னணியை விசாரிக்கிறார்கள். பார்த்துக்கொள்பவர் குழந்தைகளுக்கான முதலுதவி கற்றிருக்க வேண்டும். பொதுவாக எட்டு வயதுக்குட்பட்டோர் ஆறு பேருக்கு மேல் கூடாது; அவர்களில் ஒரு வயது நிரம்பாத குழந்தை ஒன்றுதான் இருக்கலாம். ஆய்வு அறிக்கையைப் பெற்றோர் யாரும் படித்துப் பார்க்கலாம்.

நம் நாட்டில் வீட்டில் பிள்ளை பார்ப்போருக்கு அத்தகைய பொதுப் பதிவேடு இல்லை. ஆனால் பொறுப்பேற்கும் ஏற்பாடுகள் உண்டு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகமும், அதில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணும் இருக்க வேண்டும் என்று விதித்தது. சிறு தோட்டக்காரர்களிடம் வேலை செய்த என் தாயாரைப் போன்றோருக்கு அது எட்டவில்லை. 1975இல் அங்கன்வாடி வந்தது. அங்கே பகலில் வந்து படிப்பது பெரும்பாலும் மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகள். 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள அலுவலகங்களுக்கும் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 2022 முதல் மத்திய அரசின் 'பால்னா' திட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. உங்கள் அலுவலகத்திலோ வட்டாரத்திலோ இவற்றில் எது இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

எதுவும் இல்லை, தெரிந்த ஓர் அம்மாளிடம்தான் விட வேண்டும் என்றால், வெட்கப்படாமல் இவற்றைக் கேளுங்கள். மொத்தம் எத்தனை பிள்ளைகள்? அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள்? அடுப்பு, கிணறு, மண்ணெண்ணெய், பூச்சிமருந்து இவை பிள்ளைக்கு எட்டுமா? அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் யார் பார்ப்பார்கள்? சொல்லாமல் திடீரென்று நாம் போய்ப் பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

போன மாதம் தங்கை போன் செய்தாள். நோட்டுப் போட்டுவிட்டாளாம். வந்த நேரம், போன நேரம், சாப்பாடு, காய்ச்சல், தாய்மாரின் போன் நம்பர் எல்லாம் எழுதுகிறாள். ஐந்தாவதாக ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தபோது, "நாலு பேருக்கு மேல என்னால முடியாது" என்று சொல்லிவிட்டாளாம். சொல்லிவிட்டு அன்றிரவு தூங்கவில்லை என்றாள். அந்தத் தாய் மறுநாள் பிள்ளையை யாரிடம் விட்டாளோ! வீட்டுக்கு வீடு நோட்டுப் போட்டால் மட்டும் போதாது, காப்பகங்களும் பெருக வேண்டும் என்பதற்கு இந்த ஒரு கவலையே சாட்சி.