ஆம்புட்ஸ்மன் யாருடைய ஆள்?

வங்கிக் கிளைகளின் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள்: புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனை அணுகலாம். வரிசையில் நிற்கும் யாரும் அதைப் படிப்பதாகத் தெரியவில்லை. அந்தச் சொல்லைப் பற்றி உலவும் கதைகள் மட்டும் ஏராளம்.

நம்பிக்கை: ஸ்போர்ட்ஸ்மேன் போல இதுவும் ஆங்கிலச் சொல்.

உண்மை: இது ஸ்வீடன்காரர்களின் சொல். 'ஓம்புட்' என்றால் இன்னொருவர் சார்பில் காரியம் பார்ப்பவர். 'மான்' என்றால் ஆள். இடையில் நிற்கும் 'ஸ்' நம் இலக்கணத்தின் சாரியை மாதிரி. டென்மார்க் 1955இலும் நியூசிலாந்து 1962இலும் இந்தப் பதவியை ஏற்படுத்திய பிறகுதான் ஆங்கிலத்தில் இச்சொல் பரவலானது.

நம்பிக்கை: குறைதீர்ப்பவர் என்பதே இதன் பொருள்.

உண்மை: சொல்லுக்குள் குறையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. தபால் பொட்டலத்தை வாங்கி வைத்துக் கொடுக்கும் மளிகைக் கடையும் ஸ்வீடனில் ஓம்புட்தான். தொழிற்சங்கத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நிர்வாகி ஓம்புட்ஸ்மான்.

நம்பிக்கை: அரசிடமிருந்து மக்களைக் காக்க 1809இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் உருவாக்கிய சொல்.

உண்மை: இங்கேதான் கதை தலைகீழ். 1241ஆம் ஆண்டின் டேனிஷ் ஜட்லாந்துச் சட்டத்திலேயே 'உம்போஸ்மன்' வருகிறார்; அவர் மன்னரின் அலுவலர். கொலைக்கு ஈடாகக் குற்றவாளியின் குடும்பத்திடம் பணம் வசூலித்துக் கொடுத்த பழைய ஜெர்மானிய நடுவரே முதல் ஆம்புட்ஸ்மன் என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அந்தச் சட்ட வாசகத்தோடு ஒட்டவில்லை.

1709இல் பொல்டாவா போரில் ரஷ்யாவிடம் தோற்ற ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், உதுமானிய மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டார். ஊரில் இல்லாத ராஜாவின் அதிகாரிகள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று சொல்லவா வேண்டும்? நீதிபதிகளையும் வரி வசூலிப்பவர்களையும் கண்காணிக்க, 1713இல் அங்கிருந்தபடியே ஒரு 'தலைமை ஓம்புட்ஸ்மா'னை நியமிக்க ஆணையிட்டார். அது முழுக்க முழுக்க ராஜாவின் ஆள். 1809இல் நான்காம் குஸ்தவ் அடால்ஃபை அரியணையிலிருந்து இறக்கிய பிறகு, மன்னருக்கு ஒருவர் இருந்தால் நமக்கும் ஒருவர் வேண்டும் என்று நாடாளுமன்றம் தனியாக ஒருவரை வைத்துக்கொண்டது. மறு ஆண்டு லார்ஸ் அகஸ்டின் மன்னர்ஹைம் அந்தப் பொறுப்புக்குத் தேர்வானார். மக்களுக்காகப் பிறந்த சொல் என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த நூறாண்டை விழுங்கிவிடுகிறார்கள்.

நம்பிக்கை: 'மான்' இருப்பதால் ஆண்களுக்கான பதவி.

உண்மை: பழைய நார்ஸ் மொழியில் 'மாத்ர்' மனிதர் எவரையும் குறித்தது. ஸ்வீடனில் பெண்கள் பதவிக்கு வந்தபோதும் பெயரை மாற்றவில்லை. நார்வேக்காரர்களுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை: 1981இல் குழந்தைகளுக்கென உலகிலேயே முதலாவதாக உருவாக்கிய பதவிக்குத் தொடக்கத்திலேயே 'ஓம்புட்' என்று மட்டும் பெயர் வைத்தார்கள், நாடாளுமன்ற ஓம்புட்ஸ்மானின் பெயரிலிருந்தும் 2021இல் 'மானை' நீக்கிவிட்டார்கள்.