மாமா பார்த்து வைத்த ஜி.ஐ. ஜோ

கேள்வி: ஐயா, எங்கள் குடும்பத்தில் தாத்தா, பெரியப்பா, மாமா எல்லாரும் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர்கள். நான் மட்டும் ஊரோடு தங்கிவிட்டேன். ராணுவப் பொம்மைகள் சேர்க்க ஆசை. பிரான்ஸில் இருக்கும் மாமா, பழைய சாமான் கடை ஒன்றில் 12 அங்குல ஜி.ஐ. ஜோ பார்த்ததாகப் படம் அனுப்பினார். ‘பிரெஞ்சு எதிர்ப்புப் படை வீரர், 1966’ என்கிறார் கடைக்காரர். பொம்மை பழசு, உடுப்பும் பதக்கமும் ரீப்ரோ, அதாவது அசலைப் பார்த்துப் புதிதாகச் செய்தவை என்று அவரே சொல்லிவிட்டாராம். விலை கொஞ்சம் அதிகம். முழுக்க ரீப்ரோவாகவே ஒன்று வாங்கினால் மலிவு. ஆனால் அதைச் சேகரிப்பு என்று சொல்லிக்கொள்ள முடியுமா? அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? வீடு குருசுக்குப்பத்தில், கடலுக்குப் பக்கம். உப்புக்காற்று தாங்குமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: ரீப்ரோ வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அதைக் கையில் எடுத்து, முட்டியை மடக்கி, துப்பாக்கியைப் பிடிக்கவைத்து அலமாரியில் நிறுத்தலாம். அறுபது வருடப் பழைய பொம்மையின் கையில் துப்பாக்கியைத் திணித்தால் கட்டைவிரல் ஒடிந்துவிடும் என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும். முழு ரீப்ரோ நல்லது, முழு அசலும் நல்லது. பாதி அது பாதி இது என்று வருவதில்தான் பணம் போகிறது. மாமா பார்த்தது அந்த மூன்றாவது வகை.

ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-ல் தரைப்படை, கப்பல்படை, விமானப்படை, மரீன் என்று நான்கு பேரோடு ஜி.ஐ. ஜோவை இறக்கியது. 1966-ல் வெளிநாட்டு வீரர்கள் வந்தார்கள். அதில் பிரெஞ்சுக்காரருக்குக் கறுப்பு ஸ்வெட்டர், பெரே தொப்பி, க்ருவா த கேர் பதக்கம். உங்கள் ஊருக்கு இவர் ஒருவகையில் உறவு. 1940 செப்டம்பரில் கவர்னர் பொன்வேன், பிரெஞ்சிந்தியாவை ஜெர்மனியை எதிர்த்து நின்ற டி கோல் பக்கம் சேர்த்தாரே, அந்தக் காலத்து ஆள். ஆசைப்பட்டதில் தப்பே இல்லை.

ஆனால் விலையை இப்படிப் பாருங்கள். அந்தக் கால ஜோவின் வெற்று உடம்பு சந்தையில் நிறையவே கிடைக்கிறது. அருமை எல்லாம் உடுப்பிலும் உதிரிகளிலும்தான். உடுப்பு ரீப்ரோ என்று கடைக்காரரே ஒப்புக்கொண்ட பிறகு, நீங்கள் தர வேண்டியது ஒரு பழைய உடம்புக்கும் புதுத் துணிக்கும் உள்ள விலை மட்டும். ஆள் யோக்கியர், சரி. விலையும் யோக்கியமாக இருக்க வேண்டாமா?

உடம்பாவது சொன்ன வருஷத்துதானா என்று பார்க்க, மாமாவைப் பொம்மையின் கால்சட்டையை இறக்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், முத்திரை இருப்பது வலது பிட்டத்தில்தான். அங்கே ‘1964’ என்று இருப்பதை மட்டும் வைத்து 1964-ஆம் வருடப் பொம்மை என்று நம்ப வேண்டாம். அது பதிப்புரிமை (காப்பிரைட்) ஆண்டு, பல வருடம் அப்படியே தொடர்ந்தது. அதன் கீழே உள்ள வரிதான் முக்கியம். ஹாஸ்ப்ரோவுக்குப் பேட்டன்ட் கிடைத்தது 1966 அக்டோபரில். அதற்கு முந்திய உடம்பில் ‘பேட்டன்ட் பெண்டிங்’ என்று இருக்கும். 3,277,602 என்ற எண் இருந்தால் உடம்பு அதற்குப் பிந்தியது, 1966 என்ற பேச்சு நிற்காது. தயாரித்த நாடு என்று சீனா இருந்தால் பேச்சே வேண்டாம்.

கன்னத்து வடுவைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனித உருவத்துக்குத் தனி உரிமை கோர முடியாது என்பதால், போலிகளைப் பிடிக்க வலது கன்னத்தில் ஒரு தழும்பு வைத்தார்கள். வலது கட்டைவிரல் நகமும் தவறான பக்கத்தில், உள்புறமாக இருக்கும். தெரியாமல் காப்பியடித்தவன் அதையும் சேர்த்துக் காப்பியடித்து மாட்டிக்கொள்வான்! ஆனால் பிற்காலத்தில் ஹாஸ்ப்ரோவே வெளியிட்ட மறுபதிப்புகளிலும் வடு உண்டு. அதனால் வடு இருப்பது வயதுக்குச் சாட்சி ஆகாது. உங்கள் பிரெஞ்சுக்காரர் விஷயத்தில் கதை தலைகீழ். முதலில் வந்த ஐரோப்பிய வீரர்களுக்குத் தனித் தலை, அதில் வடு கிடையாது. பிந்திய பெட்டிகளில் சாதாரண ஜோவின் தலையே வந்ததும் உண்டு. வடு இல்லையென்று மாமா உதறிவிடப் போகிறார், சொல்லிவையுங்கள்.

தபாலில் மட்டும் அனுப்பச் சொல்லாதீர்கள். பொம்மைக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரைக் கட்டாயமும் சேர்ந்துகொண்டது. மாமா ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவரட்டும்.

உப்புக்காற்றில் முதலில் போவது பிளாஸ்டிக் இல்லை, உலோகம். ஜிப், ப்ரெஸ் பட்டன், பதக்கத்தின் ஊசி எல்லாம் துருப்பிடித்து, கறை துணியில் இறங்கும். கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அடிக்கடி மாற்றுங்கள். ஜன்னல் வெயில் படக்கூடாது. பழைய ரப்பர் போன்ற தலையைப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டினால் பிசுபிசுக்கும். ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: பட்டுப்புடவைப் பெட்டியில் போடுகிற பழக்கத்தில் அந்துருண்டை போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பிரான்ஸில் தேடுவதற்கு முன் உங்கள் வீட்டுப் பரணில் தேடினீர்களா? எம்ஆர்எஃப்பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், சுமார் நாலங்குல ஜி.ஐ. ஜோக்களை 2000-களின் தொடக்கம் வரை இந்தியாவிலேயே தயாரித்தது. அமெரிக்க அச்சு, ஆனால் வண்ணம் நம்மூர்க் கைவரிசை. பச்சை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் வந்தாலும் யாரும் கவலைப்படவில்லை. அந்த ஒழுங்கின்மைக்காகவே இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். நாம் மண்ணில் புதைத்து விளையாடிய சாமான்! ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய பொம்மைக் கூடை கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள். உங்கள் பணத்துக்கு இதுதான் நல்ல தொடக்கம் என்பேன்.

கிடைப்பது பெரும்பாலும் இடுப்பு தொளதொளத்துத்தான் இருக்கும். உள்ளே காலையும் உடம்பையும் இழுத்துப் பிடிக்கும் ரப்பர் ஓ-ரிங் நைந்திருக்கும், அவ்வளவுதான். முதுகுத் திருகைக் கழற்றி, அதே அளவு ஓ-ரிங் மாட்டினால் நிமிர்ந்துவிடும். ரப்பர் தேய்கிற பொருள், மாற்றினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். திருகு துருவாக இருந்தாலும் அதையே திரும்பப் போடுங்கள். புதுத் திருகு போட்டால், பின்னால் விற்கும்போது அதையும் ரீப்ரோ உதிரி என்று சொல்லித்தான் விற்க வேண்டும்.