கத்திரிக்கு முன் கூலன்டைப் பாருங்கள்
பழைய கார் வைத்திருப்போருக்குக் கோடைக்கால ஆலோசனை

பங்குனி முடியப் போகிறது. மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கினால் மாதக் கடைசி வரை விடாது. வேலூர், கரூர், திருச்சி, மதுரைப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் அந்த நாட்களில்தான் பள்ளி விடுமுறையும் வருகிறது. குடும்பத்தோடும் மூட்டை முடிச்சுகளோடும் ஏசி போட்டுக்கொண்டு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஏறுவதும் அப்போதுதான். பத்துப் பதினைந்து வயதைத் தாண்டிய காருக்கு இது கடுமையான சோதனை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறையின் 40 வளைவுகளிலும் என்ஜின் முழு மூச்சோடு உழைக்கும். வண்டியோ இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும். ரேடியேட்டருக்கு எதிர்காற்று போதாது. மார்கழியில் தெரியாமல் இருந்த சின்னக் கசிவு அங்கே வெளிப்பட்டுவிடும்.

இந்தப் பருவத்துக்கான ஆலோசனை இதுதான்: செக் என்ஜின் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் கசிவைத் தேடுங்கள். எந்தப் பாகத்தை மாற்றுவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. காலையில், என்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, கூலன்ட் டப்பாவில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே அளவு நிற்கிறதா என்று பாருங்கள். இப்போதுள்ள அளவை மார்க்கர் பேனாவால் குறித்துவிட்டு, ஒரு வாரம் தினமும் அதே நேரத்தில் பாருங்கள்.

2. ரேடியேட்டரில் தனி மூடி உள்ள கார் என்றால் அதையும் திறந்து பாருங்கள். மூடி பழுதானாலோ டப்பாவுக்குப் போகும் சிறு குழாய் விரிசல் விட்டாலோ, டப்பா நிறைந்திருக்கும். ரேடியேட்டர் காலியாக இருக்கும். என்ஜின் சூடாக இருக்கையில் மட்டும் மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே ஏறத்தாழ 1 பார் அளவுக்குக் கூடுதல் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் விழுந்து, அத்தனையும் கொதித்து முகத்தில் பாயும்.

3. இரவில் வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் கறை எங்கே விழுந்திருக்கிறது என்பதே பாதித் துப்பு. முன் இருக்கைப் பயணியின் காலடிக்கு நேர் கீழே நிறமும் வாசனையும் இல்லாமல் சொட்டினால் அது ஏசித் தண்ணீர், கவலை வேண்டாம். பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு என நிறத்தோடு, தொட்டால் வழுவழுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது கூலன்ட். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். உடனே கழுவி விடுங்கள்.

கசிவு எங்கே இருக்கும்?

ரேடியேட்டரில் அலுமினியப் பகுதியும் மேலே கீழே உள்ள பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பைப் பாருங்கள். வயதான ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அங்கேதான் விடும். ஈரம் காய்ந்துபோனாலும் வெள்ளை அல்லது பச்சைப் பொருக்கு காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து ஹோஸ்கள். ஆறிய நிலையில் அழுத்திப் பாருங்கள்: நொறுநொறுவென்று இருந்தாலும், கொழகொழவென்று உப்பியிருந்தாலும் மாற்றிவிடுங்கள், கிளிப்பையும் சேர்த்து மாற்றுங்கள்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே உள்ள சீல் தேய்ந்தால் அதன் வழியே சொட்ட வேண்டும் என்றே வைத்தது அது. அந்தத் துளையை அடைத்துப் பயனில்லை. பம்பை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. காருக்குள்ளே தரைவிரிப்பு பிசுபிசுப்பாக நனைந்து, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்போல் படிந்தால், டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் கசிகிறது.

வெளியே ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் வாரத்துக்கு வாரம் அளவு இறங்குகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, டப்பாவில் விடாமல் குமிழி வருவது, என்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்காதது, ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறுவது ஆகியவை அதன் அடையாளங்கள். ஒன்றிரண்டு தெரிந்தவுடனே ஹெட்டைக் கழற்றச் சம்மதித்துவிடாதீர்கள். இரண்டு சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று பிரஷர் டெஸ்ட்: ஆறிய என்ஜினில், மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை கைப்பம்பால் காற்றேற்றி, கால் மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. மற்றொன்று, கூலன்டுக்கு மேலே நிற்கும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியே இழுப்பது. எரிந்த வாயு அதில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

விளக்கு சொல்லும் எண்கள்

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-4 கார்களில் ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் வசதி கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் விலை குறைந்த புளூடூத் ஸ்கேனரைச் செருகி, கைப்பேசியிலேயே கோளாறு எண்ணைப் பார்க்கலாம். அதற்கு முந்தைய எம்பிஎஃப்ஐ கார்கள் சிலவற்றில் சாக்கெட் இருந்தும் பொது ஸ்கேனர் பேசாது. அந்தக் கம்பெனிக் கருவி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு எண்ணும் இல்லை, விளக்கும் இல்லை. டெம்பரேச்சர் முள்தான் துணை.

கோளாறு எண்ணை அழித்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்ல யாரையும் அனுமதிக்காதீர்கள். முதலில் எண்ணையும், அது பதிவான நேரத்து வேகம், வெப்பநிலை விவரங்களையும் படம் எடுத்து வையுங்கள். பேட்டரி வயரைக் கழற்றினால் இவையும் போய்விடும்.

கூலன்டோடு தொடர்புள்ள எண்கள் இவை:

பி0128: என்ஜின் எட்ட வேண்டிய சூட்டை எட்டவில்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். கூலன்ட் குறைந்தாலும் இது வரும்.

பி0117, பி0118: வெப்பநிலை சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. சென்சார் மட்டுமின்றி அதன் வயரும் கனெக்டரும் பழுதாகியிருக்கவும் வாய்ப்புண்டு.

பி0217: என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ஓட்டாதீர்கள்.

பி0480: ஃபேன் கட்டுப்பாட்டுச் சுற்றில் கோளாறு. ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள்.

பி0301 முதல் பி0304 வரை: குறிப்பிட்ட சிலிண்டர் சரியாக எரியவில்லை. பெரும்பாலும் ஸ்பார்க் பிளக், காயில்தான் காரணம். ஆனால் கூலன்டும் குறைந்து, காலை ஸ்டார்ட்டில் மட்டும் என்ஜின் உதறினால், கேஸ்கெட் வழியே அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் இறங்கக்கூடும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் உடனே ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

எல்லா எண்ணும், எந்தச் சுற்றிலிருந்து புகார் வந்தது என்பதை மட்டுமே சொல்லும். காரணம் வேறிடத்தில் இருக்கலாம். வெப்பநிலை சென்சார் கூலன்டில் மூழ்கியிருக்கும்வரைதான் சரியான அளவைக் காட்டும். கூலன்ட் இறங்கி அது காற்றில் நின்றால், என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் பாதியில் நிற்கும். அப்போது சென்சாரை மாற்றுவது பணத்துக்கும் கேடு, என்ஜினுக்கும் கேடு.

சென்சாரைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரவெல்லாம் நின்ற காரில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும், என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது.

செய்யக் கூடாதவை

வெயில் காலம் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊரில் பழைய வழக்கம். கழற்றினால் என்ஜின் சூடேறத் தாமதமாகும்; கணினி கூடுதல் பெட்ரோலை ஊற்றும்; மைலேஜ் குறையும்; பி0128-உம் வந்து சேரும். பழுதானால் புதிது போடுங்கள்.

போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதன் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும். கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதியாகக் கலந்தது போதும். கலந்தே வரும் கூலன்டில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காமல், காரின் கையேட்டில் சொன்ன வகையை வாங்குங்கள். வகை மாறிக் கலந்தால் சேறுபோல் திரளக்கூடும்.

மஞ்சள் தூளோ கசிவடைக்கும் பொடியோ, அத்துவானத்தில் மாட்டிக்கொண்டால் ஊர்போய்ச் சேர உதவலாம். அதையே நிரந்தரம் என்று விட்டால் ஹீட்டர் கோரும் ரேடியேட்டரும் அடைபடும்.

வழியில் சூடேறினால்

முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள். ஹீட்டரில் சூடான காற்று வராமல் குளிர்ந்த காற்றே வந்தால் கூலன்ட் தீர்ந்துவிட்டது என்று அறிக. அப்படியானாலும், ஆவி கிளம்பினாலும் என்ஜினை உடனே அணையுங்கள். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிப்பு விடலாம். முழுதாக ஆறும்வரை காத்திருந்து, அதன்பிறகு மூடியைத் திறந்து நிரப்புங்கள்.

மூடி, ஹோஸ், கிளிப் எல்லாம் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். ஹெட்டைக் கழற்றினால் செலவு பல ஆயிரம். குறித்த கோட்டிலிருந்து ஒரு வாரத்தில் அளவு இறங்கியிருந்தால், காரணம் தெரிந்து சரிசெய்யும்வரை மலைப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.